திங்கட்கிழமை வரைக்கும்

வியாழக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை கடைக்குள் வந்தபோது, நான் ஒரு அம்மாளின் கண்ணாடிக் காதுக் கம்பியைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக அவன் வாசலிலேயே ஏதாவது கிண்டல் பண்ணிக்கொண்டுதான் நுழைவான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் போனதும் எழுந்து வந்தான்.

"மச்சான், ஒரு புதுக் கண்ணாடி போட்டுக் குடு. இது சரியில்ல."

"போன வருஷம்தானே மாத்தினோம்?"

"மாத்தினோம். இப்ப எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. நேத்து சாயங்காலம் உன் தங்கச்சி ரெண்டு பேரா வந்து நின்னா. ஒருத்தியையே என்னால சமாளிக்க முடியாது, தெரியும்ல?"

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். ஆனால் சிரிக்கும்போது அவன் வாயின் ஓரங்கள் மேலே ஏறவே இல்லை. பல் மட்டும் தெரிந்தது. முகம் உறுமுவதுபோல இருந்தது. அப்போதே எனக்கு என்னவோ போலிருந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஐம்பத்து மூன்று. என் பழைய கடை இருந்த கட்டடத்தில் லிஃப்டைப் பார்க்க மாதாமாதம் வருவான். அப்படிப் பழக்கமாகி, நண்பனாகி, கடைசியில் என் தங்கையை அவனுக்கு நானே பேசி முடித்தேன். அதனால் மாப்பிள்ளை மரியாதை என்றெல்லாம் எங்களுக்குள் ஒன்றும் கிடையாது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவளுக்கு அவன், அவனுக்கு அவள், இருவருக்கும் நடுவில் அவ்வப்போது நான்.

அதற்கு ஐந்து மாதத்துக்கு முன்னால்தான் அவனுக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஒரு சொட்டுக் குடித்ததில்லை. இளம் வயதில் எப்போதோ வந்து, வந்த சுவடே தெரியாமல் உள்ளே தங்கிவிட்ட மஞ்சள் காமாலைக் கிருமி செய்த வேலை அது. கண்டுபிடித்தபோது கட்டி பெரிதாகி, பக்கத்திலிருந்த ரத்தக்குழாய்க்குள்ளும் புகுந்துவிட்டிருந்தது. வெட்டி எடுக்க முடியாது, வேறு ஈரல் வைக்கவும் முடியாது என்று இரண்டு இடத்தில் கைவிரித்துவிட்டார்கள். இரண்டு மூன்று மாதம் அங்கும் இங்கும் அலைந்து, மூன்றாவதாக ஒரு பெண் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம். அவர்தான் எங்கள் மூவரையும் உட்கார வைத்து நிதானமாகப் பேசினார்.

"முன்னெல்லாம் இந்த நிலைமைக்கு மருந்தே கிடையாது. அப்புறம் ஒரே ஒரு மாத்திரை வந்துது. அதுவும் சில மாசம்தான் கூட்டிக் குடுக்கும். இப்ப அப்படி இல்ல. கட்டிக்குப் போற ரத்தத்தைக் குறைக்கிற மருந்து இருக்கு. நம்ம உடம்போட எதிர்ப்புச் சக்தியையே கட்டி மேல ஏவி விடற மருந்தும் இருக்கு. ரெண்டையும் ஜோடியாவும் குடுக்கறோம்."

முதலில் அவன் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைத்திருந்தன. ரத்தத்தைக் குறைக்கிற மருந்து கொடுத்தால் அங்கே உடைத்துக்கொண்டு கொட்டிவிடும் என்று, வேறொரு ஜோடியைத் தேர்ந்தெடுத்தார் டாக்டர். இரண்டுமே எதிர்ப்புச் சக்தியை ஏவுகிற மருந்துகள். முதல் நாள் இரண்டையும் ஏற்றுவார்கள். பிறகு நான்கு வாரத்துக்கு ஒரு தடவை ஒன்றை மட்டும்.

"உடம்புல இருக்கற சிப்பாய்ங்களுக்கு ஒரு பிரேக் இருக்கு. கட்டி அந்த பிரேக்கைப் போட்டு வச்சிருக்கு. நாம அதை எடுத்து விடறோம்" என்றார் டாக்டர்.

மாப்பிள்ளை உடனே நிமிர்ந்தான். "டாக்டர், எங்க தொழில்ல பிரேக்கை எடுத்துட்டா, ஆளில்லாத லிஃப்ட் கீழ விழாது. மேலதான் பிச்சுக்கிட்டுப் போகும். எதிர்ப் பக்கத்து எடை இழுத்துக்கிட்டுப் போய்க் கூரைல மோதும்."

டாக்டர் அவனைக் கொஞ்சநேரம் பார்த்தார். "சரியாச் சொன்னீங்க. இதுலயும் அந்த ஆபத்து இருக்கு. சிப்பாய்ங்க நல்ல இடத்தையும் அடிக்கலாம். குடல், தோல், ஈரல், தசை, இதயம், எது வேணா. அதனாலதான் எது நடந்தாலும் எங்களுக்கு உடனே சொல்லணும்."

தங்கை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "குணமாயிடுமா?"

"சில பேருக்கு வருஷக்கணக்கா அடங்கிக் கெடக்கு. எல்லாருக்கும் இல்ல. யாருக்கு அப்படி ஆகும்னு முன்னாடியே சொல்ல எங்களுக்கு இன்னும் தெரியல."

இரண்டாவது தடவை மருந்து ஏற்றப் போனபோது, ரத்தத்தில் கட்டியைக் காட்டுகிற அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அந்தக் காகிதத்தைத் தங்கை கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். யாரைப் பார்த்தாலும் எடுத்துக் காட்டினாள். மூன்றாவது ஏற்றல் வருகிற திங்கட்கிழமை.

இப்போது அவன் என் கடையில், ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது என்கிறான்.

பின்னாலிருந்த இருட்டறைக்குக் கூட்டிப்போனேன். எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டு, வலது கண்ணை மூடிப் படிக்கச் சொன்னேன். கடைசி வரிக்கு மேல் வரிவரை படித்தான். இடது கண்ணை மூடினேன். அப்போதும் படித்தான். இரண்டையும் திறந்தால் மட்டும் எழுத்து இரண்டாகப் பிரிந்தது. பவர் மாறினால் அப்படி ஆகாது. இரண்டு கண்ணும் சேர்ந்து திரும்பவில்லை என்றால்தான் ஆகும்.

"மாப்ள, தலையை ஆட்டாம, அந்த மூலைல இருக்கற விளக்கையே பாரு. நான் சொல்ற வரைக்கும் கண்ணை எடுக்காத."

பார்த்தான். நான் கைக்கடிகாரத்தை ஒரு கண்ணாலும் அவன் முகத்தை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு இடது இமை மெதுவாக, கடை ஷட்டரை இறக்குவதுபோல, தானாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. பாதிக் கண் மூடிவிட்டது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

"போதுமா?" என்றான்.

கண்ணாடிப் படிப்பில் இதைப் பற்றி எங்களுக்கு ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது. தசை சோர்ந்துபோகிற வியாதி. காலையில் நன்றாக இருக்கும், பொழுது ஏற ஏறத் தளரும். அந்தப் பக்கத்தின் கடைசி வரியும் எனக்கு நினைவிருந்தது. விழுங்குவதற்கும் மூச்சுக்கும் உரிய தசைகளுக்குப் பரவினால் உயிருக்கு ஆபத்து.

"எத்தனை நாளா இருக்கு?"

"நாலஞ்சு நாளா. காலைல ஒண்ணும் இல்ல. மத்தியானத்துக்கு மேலதான்."

"ஆஸ்பத்திரிக்குச் சொன்னியா?"

சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து என் மேசைமேல் போட்டான். மருந்து ஏற்றும் பிரிவின் தொலைபேசி எண் பெரிதாக இருந்தது. அதன் கீழே உடனே கூப்பிட வேண்டியவை என்று ஒரு பட்டியல். ஐந்தாவது வரி: இரட்டைப் பார்வை, இமை தொங்குதல், விழுங்கச் சிரமம்.

"இதை என் தங்கச்சி பார்த்தாளா?"

"அடுத்த தேதி எழுதின அட்டைன்னு சொல்லிக் கருவிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தேன். மச்சான், நீ பேசாம இரு, நான் சொல்றதைக் கேளு. மொத தடவை மருந்து ஏத்தற ரூம்ல எனக்குப் பக்கத்து நாற்காலில ஒரு ரிட்டயர்ட் போஸ்ட்மேன் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இதே நோய், இதே மருந்து. வயித்துப்போக்குன்னு அன்னைக்கு சிஸ்டர்கிட்ட வாயை விட்டார். அவ்வளவுதான், மருந்தை நிறுத்திட்டாங்க. அப்புறம் அவரை நான் பார்க்கவே இல்ல. ரெண்டாவது தடவை அந்த நாற்காலில வேற ஆள் உட்கார்ந்திருந்தான்." அவன் குரல் மூக்கால் வந்தது. ஜலதோஷம் பிடித்தவன் பேசுவதுபோல. "எனக்கு இது வேலை செய்யுது. பாதியாக் கொறஞ்சிருக்கு. திங்கக்கிழமை ஏத்திக்கிட்டா இன்னும் கொறையும். இந்தக் கண்ணுக்காக அதை விட்டுட முடியுமா? எனக்கு ரெண்டாத் தெரிஞ்சாத் தெரியட்டும். உயிரோட இருந்து ரெண்டாப் பார்த்துக்கறேன்."

"இது கண் விஷயம் இல்ல மாப்ள."

"திங்கக்கிழமை வரைக்கும்தான். மருந்து ஏறினதும் நானே சொல்லிடறேன். சத்தியமா. அதுவரைக்கும் அவளுக்குச் சொல்லாத."

என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியில் பலமே இல்லை. இரும்புக் கயிற்றைத் திருகி முடிச்சுப் போட்ட கை அது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு அந்த இருட்டறையில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. நான் வாயைத் திறந்து, மருந்து நின்றுபோய், அவன் செத்துப்போனால், அவனை நான் கொன்றதாக ஆகும். வாயைத் திறக்காமல் செத்துப்போனால் நோய் கொன்றதாக ஆகும். பயந்தவன் போடுகிற கணக்கு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

"சரி, திங்கக்கிழமை வரைக்கும்" என்றேன். அவனுடைய கண்ணாடியை வாங்கி, இடது பக்கத்தின் உள்புறம் மங்கலான டேப்பை அளவாக வெட்டி ஒட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் அழுக்குப் படிந்ததுபோல இருக்கும், அவ்வளவுதான். போட்டுக்கொண்டான். உலகம் ஒன்றாகிவிட்டது. "நீ டாக்டருக்குப் படிச்சிருக்கணும் மச்சான்" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனான். மஞ்சள் அட்டை மேசைமேலேயே கிடந்தது. அவன் மறந்துவிட்டானா, வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று சாயங்காலம் கடையை அடைக்கும் நேரத்தில் தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணா, இவர் ரெண்டு நாளா சரியாவே சாப்பிட மாட்டேங்கறார். ஒரு வாய் வச்சா அரைமணி நேரம் மென்னுக்கிட்டே இருக்கார். கேட்டா எரிஞ்சு விழறார். உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"வாய் கசப்பா இருக்கும். மருந்து அப்படித்தான் பண்ணும்" என்றேன்.

"அப்படியா?" என்றாள். என் வார்த்தையை அவள் நம்பினாள். சின்ன வயதிலிருந்தே நம்புவாள்.

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்தேன். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒருவருக்கு வேறொருவருடைய கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு தடுமாறி, "என்ன சார், எனக்கு ஒண்ணும் தெரியல?" என்றபோதுதான் உறைத்தது. கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். அன்றைக்கு அவனுக்கு எந்தக் கட்டடத்தில் வேலை என்று அவனுடைய அலுவலகத்தில் கேட்டுக்கொண்டேன்.

எட்டு மாடி அலுவலகக் கட்டடம். கீழ்த்தளத்தில் லிஃப்ட் வாசலுக்கு முன்னால் தடுப்புப் பலகை வைத்திருந்தது. அவனோடு வேலை செய்கிற எலக்ட்ரீஷியன், வெளியே சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள இருக்கார் சார், ரெண்டாவது மாடிக்கு மேல. லிஃப்ட் கூரை மேல. நான் போறேன்னு சொன்னேன், கேக்க மாட்டேன்னுட்டார். அவருக்கு உடம்பு தேவலையா?"

மூன்றாவது மாடிக்குப் படியேறி ஓடினேன். அங்கே கதவு திறந்து வைத்திருந்தது. எட்டிப் பார்த்தேன். ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே, எண்ணெயும் தூசியும் படிந்த லிஃப்ட் கூரைமேல் மாப்பிள்ளை மண்டியிட்டிருந்தான். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு இருந்தது. அந்த ஒன்றையாவது அவன் விடவில்லை. வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் ஏதோ ஒரு கம்பியை முடுக்கிக்கொண்டிருந்தான். வருஷக்கணக்காக அவன் அப்படித்தான் டார்ச் பிடிப்பான்.

என் கண் முன்னாலேயே அவன் தாடை திறந்துகொண்டது. அவன் திறக்கவில்லை, அது தானாகத் திறந்தது. டார்ச் நழுவிக் கூரை விளிம்பில் பட்டு, இடுக்கு வழியாகக் கீழே போயிற்று. சுவர்களில் மோதி மோதிப் போன சத்தம் அடிக்குழியில் போய் அடங்கும்வரை நாங்கள் இருவரும் அசையவில்லை. தொங்கிய தாடையை அவன் ஒரு கையால் மேலே தள்ளி மூடினான். பிறகு அந்தக் கையை எடுக்கவே இல்லை. தலை முன்னால் விழாமல் தாங்கிக்கொண்டிருந்தான்.

ஈரக்குலை நடுங்கியது என்று பேச்சுக்குச் சொல்வோம். அன்றைக்குத்தான் எனக்கு அது எங்கே நடுங்கும் என்று தெரிந்தது.

எலக்ட்ரீஷியனும் நானுமாக அவனை மேலே ஏற்றி, நடைபாதையில் சுவரோரமாகச் சாய்த்து உட்கார வைத்தோம். எலக்ட்ரீஷியன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஒரு வாய் குடித்தான். குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. இருமினான். அந்த இருமலிலும் பலம் இல்லை.

நான் மஞ்சள் அட்டையையும் ஃபோனையும் எடுத்தேன்.

"மச்சான், வேணாம்." வார்த்தை குழறியது. "திங்கக்கிழமை வரைக்கும்னு சொன்னே."

"சொன்னேன்."

"நீ இப்ப கூப்பிட்டா என் கதையை முடிக்கறே. தெரிஞ்சுக்கோ."

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே ஒரு நர்ஸ் எடுத்தார். என்ன மருந்து, எத்தனையாவது வாரம், என்ன நடந்தது என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது.

"சார், பதறாதீங்க. ஒண்ணு பண்ணுங்க. அவரை நல்லா மூச்சை இழுத்துக்கிட்டு, ஒரே மூச்சில ஒண்ணு ரெண்டுன்னு எண்ணச் சொல்லுங்க. நடுவுல மூச்சு வாங்கக் கூடாது. ஃபோனை அவர் வாய்கிட்ட வைங்க."

அவன் என்னை முறைத்தான். பிறகு, என்ன நினைத்தானோ, எண்ண ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழுக்குமேல் குரல் தேய்ந்தது. பதினொன்று, பன்னிரண்டு. பதினாலுக்குமேல் உதடு மட்டும்தான் அசைந்தது. சத்தம் வரவில்லை. சத்தம் வரவில்லை என்பது அவனுக்கே தெரிந்தபோது அவன் கண்ணில் வந்த பயத்தை நான் மறக்கவே மாட்டேன். அதுவரை அவன் பயந்ததெல்லாம் மருந்து நின்றுபோவதற்கு. இப்போதுதான் செத்துப்போவதற்குப் பயந்தான்.

"சாதாரணமா எண்ணினா முப்பதையாவது தாண்டணும்" என்றார் நர்ஸ். குரல் மாறவில்லை, வேகம்தான் கூடியிருந்தது. "ஆம்புலன்ஸை நான் அனுப்பறேன். விலாசம் சொல்லுங்க. சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் குடுக்காதீங்க. படுக்க வைக்காதீங்க, உட்கார்ந்தபடியே இருக்கட்டும்."

ஆம்புலன்ஸில் மறுபடி எண்ணச் சொன்னார்கள். பதினொன்றில் நின்றது.

ஆஸ்பத்திரியில் அவனை இதயப் படம் எடுத்து, ரத்தம் எடுத்து, நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது. தங்கை வந்தபோது நான் அந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு காலில் வீட்டுச் செருப்பும் மறு காலில் வெளிச் செருப்புமாக வந்திருந்தாள். கொஞ்சநேரத்தில் டாக்டரும் வந்துவிட்டார்.

"எதிர்ப்புச் சக்தி அவரோட தசையையே தாக்குது. கண், தொண்டை, மூச்சுத் தசை. இதயத் தசைலயும் கொஞ்சம் அழற்சி இருக்கு, அதுதான் எங்களுக்குக் கவலை. ரொம்ப அபூர்வமா வர்றது. வந்தா மோசமா வரும். ஸ்டீராய்டு ஆரம்பிச்சாச்சு. அது போதலேன்னா வேற மருந்தும் இருக்கு. எப்ப ஆரம்பிச்சுது?"

தங்கை என்னைப் பார்த்தாள். "இன்னைக்குத்தானே?"

"நாலஞ்சு நாளா இருக்காம்" என்றேன். "என்கிட்ட நேத்து மத்தியானம் சொன்னான்."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "நேத்தே வந்திருக்கலாம்" என்றார். "பரவால்ல. இன்னைக்காவது வந்தீங்க." உள்ளே போய்விட்டார்.

தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"நேத்து சாயங்காலம் நான் உனக்கு ஃபோன் பண்ணினேன்ல?"

"ஆமா."

"நீ என்ன சொன்னே?"

"வாய் கசப்பா இருக்கும்னு சொன்னேன்."

"தெரிஞ்சே சொன்னே."

"தெரிஞ்சே சொன்னேன்."

அவள் எழுந்து, பெஞ்சின் மறுகோடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அழக்கூட இல்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

அடுத்த ஒன்பது நாள் எப்படிப் போயிற்று என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முகத்தை இறுக்கிக் கட்டிய மூச்சுக் கருவிக்குள் அவன் இருந்தான். வாய்க்குள் குழாய் விட வேண்டியிருக்கும் என்று மூன்றாம் நாள் கையெழுத்து வாங்கினார்கள். தங்கை கையெழுத்துப் போட்டபோது பேனா காகிதத்தைக் கிழித்தது. ஸ்டீராய்டு போதாமல் வேறொரு மருந்தை ஐந்து நாள் ஏற்றினார்கள். நான் காலையில் கடையைத் திறப்பேன், பதினோரு மணிக்கு மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன், மூன்று மணிக்குத் திரும்பத் திறப்பேன். பார்க்கும் நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம். எப்போதும் அவள்தான் போனாள். கண்ணாடிக் கதவு வழியாக நான் அவன் காலை மட்டும் பார்ப்பேன். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாதம் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். அசைந்தால் வீட்டுக்குப் போவேன்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, இதய அழற்சியைக் காட்டுகிற ரத்த அளவு இறங்க ஆரம்பித்தது. குழாய் விடவில்லை. பத்தாம் நாள் மூச்சுக் கருவியை எடுத்துவிட்டு வார்டுக்கு மாற்றினார்கள். அன்றைக்குத்தான் என்னை உள்ளே விட்டார்கள்.

கன்னம் ஒட்டி, கண் குழிந்து, வேறு யாரோ போலப் படுத்திருந்தான். இமை இன்னும் கொஞ்சம் தொங்கியது. என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நிறுத்திட்டாங்க மச்சான்" என்றான் சுவரைப் பார்த்தே. "இனிமே எனக்கு அந்த மருந்து எப்பவும் கெடையாதாம். ஃபைல்ல சிவப்புல எழுதிட்டாங்க."

"உயிரோட இருக்கியே."

"எத்தனை நாளைக்கு?"

போர்வையை இழுத்து அவன் பாதத்தை மூடினேன். வெளியே வந்தபோது தங்கை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறாள்.

அதன்பிறகு வந்த நாட்கள், ஆஸ்பத்திரி நாட்களைவிட மோசம். அங்கேயாவது ஏதோ ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போது வீட்டில், ஸ்டீராய்டு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு, உள்ளே கட்டி என்ன செய்கிறதென்று தெரியாமல் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சிப்பாய்களை அடக்குவதற்கான மாத்திரையை அவனே தன் கையால் தினமும் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். "என் கட்டிக்கு நானே காவல் காக்கறேன்" என்றான் ஒருநாள். வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டே இருப்பான். தங்கை அந்தக் கையைத் தட்டிவிடுவாள். ஐந்து நிமிஷத்தில் கை மறுபடி அங்கே போயிருக்கும். நான் போனால் அவள் கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். ஒரு டம்ளர் டீ வரும். கொண்டுவந்து வைப்பாள். என்னோடு பேச மாட்டாள்.

ஏழு வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு சொல்லும் நாளன்று நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். வரிசையில் எங்கள் எண் பதினேழு. பதினாறாம் எண்காரர் உள்ளே போய் நாற்பது நிமிஷம் ஆயிற்று. வெளியே வந்தவருடைய மனைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதைப் பார்த்ததும் மாப்பிள்ளை எழுந்து, "வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்" என்றான். கிண்டலுக்குச் சொல்லவில்லை. தங்கை அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அதற்குள் பதினேழு என்று கூப்பிட்டார்கள்.

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பழைய படமும் புதிய படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கறுப்பு, சாம்பல், அதற்குள் ஒரு பெரிய வெளுப்பு. இன்னொன்றில் அதே இடத்தில் சின்னதாக ஒரு வெளுப்பு.

"பாதிக்கும் கீழ போயிருக்கு. ரத்தக்குழாய்க்குள்ள இருந்தது கிட்டத்தட்ட சுருங்கிடுச்சு."

தங்கை கையை நீட்டி, திரையில் அந்தச் சின்ன வெளுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"மருந்துதான் நிறுத்தியாச்சே டாக்டர்?" என்றான் மாப்பிள்ளை.

"மருந்து நின்னாலும், அது ஏவி விட்டவங்க சில பேருக்கு வேலையை நிறுத்தறதில்ல. ரெண்டு ஏத்தல்லயே இவ்வளவு நடந்திருக்கு. எத்தனை நாளைக்கு இப்படி இருக்கும்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியாது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்ப்போம். வளர ஆரம்பிச்சா வேற வழில போற மாத்திரைங்க இருக்கு. அதைக் குடுப்போம்."

"அந்தத் திங்கக்கிழமை மூணாவதையும் ஏத்தியிருந்தா?" அவன் இன்னும் விடவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க இங்க உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீங்க."

வெளியே வந்து நடைபாதையில் மூவரும் நின்றோம். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. எப்படி என்று தெரியவில்லை. மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். "இன்னும் ரெண்டு மாசம் இதே மாதிரி பயந்துக்கிட்டு இருக்கணுமா?" என்றான். தங்கை முதல்முறையாக அழுதாள்.

அதற்குப்பிறகு ஏழு மாதம் கட்டி அசையாமல் கிடந்தது. எட்டாவது மாதப் படத்தில் ஓரத்தில் கொஞ்சம் வளர்ந்திருந்தது. டாக்டர் மாத்திரையை ஆரம்பித்தார். இந்த மாத்திரைக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும். பிரஷர் ஏறும். இந்தத் தடவை அவன் எதையும் மறைப்பதில்லை. மறைக்காததோடு நிற்பதுமில்லை. காலையில் இரண்டு தடவை தும்மினால் நர்ஸைக் கூப்பிட்டுவிடுகிறான். கொட்டாவி அதிகமாக வருகிறது என்று ஒருநாள் கூப்பிட்டிருக்கிறான். "சார், கொட்டாவி எனக்கும்தான் வருது" என்றாராம் அந்த நர்ஸ். ஆனால் பிரஷர் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தாராம்.

வேலைக்கும் போகிறான். கூரைமேல் ஏறுவதில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து எந்தக் கட்டடத்துக்கு யார் போவது என்று பிரித்துக் கொடுக்கிறான். என்னைப் பார்த்தால் பழையபடி கிண்டல் செய்கிறான். வியாழக்கிழமையைப் பற்றியோ வெள்ளிக்கிழமையைப் பற்றியோ நாங்கள் பேசுவதில்லை. ஒரே ஒருமுறை, அதுவும் சம்பந்தமே இல்லாமல், "அந்த போஸ்ட்மேன் என்ன ஆனார்னு சிஸ்டர்கிட்ட கேட்டேன் மச்சான். மத்தவங்களைப் பத்திச் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க" என்றான்.

தங்கைதான் மாறவில்லை. அந்த பெஞ்சிலிருந்து எழுந்த நாள் முதல் அவள் என்னோடு நேராகப் பேசவில்லை. தேவையானதை அவன் மூலமாகச் சொல்வாள். என் மனைவியிடம் பேசுவாள். என்னிடம் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவருக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. அவளுடைய எண். அந்த எண் என் திரையில் வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது. வேறு எதற்கு அவள் கூப்பிடுவாள்? மூச்சா, ரத்தமா, எந்த வார்டு, எந்தக் கதவு என்று எல்லாம் ஒரே நொடியில் ஓடிவிட்டன. எடுத்து, "சொல்லும்மா" என்றேன்.

"அண்ணா."

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. அவருக்குக் கால்ல பூசற க்ரீம் தீர்ந்துபோச்சு. எங்க பக்கத்து மருந்துக்கடைல இல்லையாம். சாயங்காலம் வர்றப்ப வாங்கிட்டு வா."

வருகிறேன் என்று நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"எத்தனை வேணும்?" என்றேன்.

"ரெண்டு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பெரியவர் ஒரு கண்ணை மூடியபடியே நாற்காலியில் காத்துக்கொண்டிருந்தார். "தம்பி, அடுத்த வரியைப் படிக்கட்டுமா, வேணாமா?" என்றார். "ரெண்டு நிமிஷம் இருங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, தெருமுனை மருந்துக்கடைக்கு நடந்தேன்.